யந்திரமும் சகவாசமும்

சகவாச தோஷம் என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்வதுண்டு. பையன் ஒரு பொய் சொல்லிவிட்டால், "இது இவனாகக் கற்றதன்று, யாரோடு சேர்ந்தானோ!" என்று பாட்டி உடனே தீர்ப்பு வழங்கிவிடுவாள். அதே பையன் முதல் வகுப்பில் தேறினால் சகவாசத்தின் நினைவு ஒருவருக்கும் வருவதில்லை. அப்போது அது அவனுடைய சொந்த மூளை. அல்லது அவனுடைய தாத்தாவின் மூளை. தோஷத்துக்குச் சகவாசம் காரணமானால் குணத்துக்கும் அதுதானே காரணமாக வேண்டும் என்று நாம் ஒரு முறை கேட்டுப் பார்த்தோம். பாட்டிமாரிடம் தர்க்க சாஸ்திரம் செல்லாது என்று அன்று தெரிந்துகொண்டோம்.

சில நாட்களுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து நின்று, "ஸார், கம்ப்யூட்டருக்கு அறிவு வந்துவிட்டது என்கிறார்களே, அதற்கு வாத்தியார் யார்?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி சரியான கேள்வி. மணி அடித்துவிட்டபடியால் அன்று அரைகுறையாக ஒரு விடை சொல்லித் தப்பித்துக்கொண்டோம். முழு விடையை இந்த வாரம் நேயர்களுக்கே சொல்லிவிடலாம் என்று எண்ணுகிறோம். சுருக்கமாகச் சொன்னால் விடை இதுதான்: யந்திரத்துக்கு அறிவு வந்ததும் சகவாசத்தாலே, அதற்குத் தோஷம் வந்ததும் சகவாசத்தாலே.

இந்த உண்மையை ஆதியிலேயே தெளிவாக எழுதி வைத்தவர் ஆலன் ட்யூரிங் என்னும் ஆங்கிலக் கணித நிபுணர். அவர் 1912-இல் லண்டனில் பிறந்தார். அவருக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அவருடைய தகப்பனார் சென்னை மாகாணத்தில் ஐ.ஸி.எஸ். உத்தியோகம் பார்த்தவர். தாயார் நம் கோயமுத்தூரை அடுத்த போத்தனூரில், ரயில்வே எஞ்சினீயர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். பெற்றோர் நம்மை ஆள வந்துவிட்டபடியால், ட்யூரிங்கும் அவருடைய தமையனாரும் இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற இராணுவ அதிகாரி ஒருவருடைய வீட்டில் வளர விடப்பட்டார்கள். பிறர் நாட்டை ஆளப் போகிறவர்கள் தம் குழந்தைகளோடு கூடி வாழும் பாக்கியத்தை இழக்கிறார்கள் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

தனிமையை இப்படி இளமையிலேயே அறிந்த அவர், 1948-இல் பிரிட்டனின் தேசீய பௌதிக ஆராய்ச்சிச் சாலைக்காக அறிவுள்ள யந்திரங்களைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தனித்து விடப்பட்ட மனிதனிடம் புத்தி சக்தி வளர்வதில்லை. வாழ்க்கையின் முதல் 20 ஆண்டுகளில் அவன் மற்ற மனிதர் நடுவே மூழ்கியிருந்து, அவர்கள் கண்ட வழிகளையெல்லாம் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். பிறகுதான் அவனாகச் சிறிது கண்டுபிடிக்க இயலும் என்பது அதில் அவர் சொன்ன கருத்து. உயிர்கள் பரிணமித்த முறையைப் பின்பற்றி யந்திரத்தில் அறிவைத் தேடிப் பார்க்கலாம் என்றும் அதிலேயே ஒரு குறிப்பு வைத்தார்.

அந்த ஆராய்ச்சிச் சாலைக்கு அப்போது தலைவராக இருந்தவர் ஸர் சார்லஸ் கால்டன் டார்வின்; பரிணாமக் கொள்கையை உலகுக்குத் தந்த டார்வினுடைய பேரர். அவர் அறிக்கையைப் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் எழுதிய வியாசம் போல் இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டதாகச் சொல்வார்கள். அது 1968 வரையில் அச்சேறவில்லை. ட்யூரிங்கோ 1954-இலேயே காலமாகிவிட்டார். நாள்தோறும் பையன்களின் வியாசங்களைச் சிவப்பு மையால் கோடிட்டுத் தள்ளும் நம் போன்றவர்கள் இதைச் சற்று நினைவில் வைப்பது நலம்.

1950-இல் "மைண்ட்" என்னும் பத்திரிகையில் ட்யூரிங் மற்றொரு கட்டுரை எழுதினார். பெரியவருடைய அறிவை யந்திரத்தில் நேரே செய்து வைக்க முயல்வதைக் காட்டிலும், குழந்தை மனம் போன்ற ஒரு யந்திரத்தைச் செய்து அதற்குப் பாடம் கற்பிப்பதே எளிது என்றார். தவறினால் தண்டனை, சரியாகச் செய்தால் வெகுமதி என்னும் பழைய திண்ணைப் பள்ளிக்கூட முறையையே அதற்கும் அவர் சொன்னார். ஒரு விசேஷத்தையும் சேர்த்துச் சொன்னார்: கற்கும் யந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் அதன் ஆசிரியருக்கே தெரியாது. 45 பையன்கள் முன் நின்று பாடம் சொல்லும் எந்த உபாத்தியாயரும் இதை மறுக்கமாட்டார்.

நிற்க. பரிணாம முறையில் யந்திரம் கணக்குப் போடுவது எப்படி என்பதைச் சற்றுப் பார்ப்போம். ஒரு தபால்காரர் 20 தெருக்களுக்குப் போய்வர வேண்டும். எந்த வரிசையில் சென்றால் அவருடைய நடை மிகவும் குறையும்? சாத்தியமான வரிசைகள் எத்தனை என்று எண்ணினால், 2 என்று எழுதி அதன்பின் 18 பூஜ்யங்கள் போட்டாலும் போதாது. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அளந்து பார்ப்பது நடக்கிற காரியமன்று.

ஆகவே வேறொரு தந்திரம் செய்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு 100 வரிசைகளை 100 சீட்டுகளில் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் தூரத்தையும் அளக்கிறோம். நீளமான 50 சீட்டுகளைக் கிழித்துப் போடுகிறோம். மிஞ்சிய 50-இல் இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றின் முற்பாதியையும் மற்றொன்றிலிருந்து மீதித் தெருக்களையும் சேர்த்துப் புதிய சீட்டுகள் எழுதுகிறோம். எங்கேயாவது ஓரிடத்தில் இரண்டு தெருக்களை மனம் போனபடி இடம் மாற்றியும் வைக்கிறோம். மறுபடி அளக்கிறோம், மறுபடி கிழிக்கிறோம். நம் குடியானவர்கள் நல்ல கதிராகப் பொறுக்கி விதைநெல் எடுத்து வைப்பதும் இதே முறைதான். யந்திரத்தில் ஆயிரம் தலைமுறைகள் ஒரு நொடியில் கடந்துவிடும். கடைசியில் கிடைக்கும் பாதை பெரும்பாலும் நல்ல பாதையாகவே இருக்கும். அதை ஒருவரும் யோசித்துக் கண்டதில்லை. இம்முறையைச் சாஸ்திரமாக வகுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் மிச்சிகன் ஸர்வகலாசாலையைச் சேர்ந்த ஜான் ஹாலண்ட். அவருடைய நூல் 1975-இல் வெளிவந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சீட்டுகளைப் பிழைக்க வைப்பதும் மாய வைப்பதும் பரீட்சை. பரீட்சை எப்படியோ, தேறுகிறவன் அப்படி. பரீட்சை என்றைக்கும் மாறாமல் ஒன்றாகவே இருந்தால் என்ன ஆகும்?

இவ்விடத்தில் நம்முடைய குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், சில ஆண்டுகள் தொடர்ந்து ஏறக்குறைய ஒரே கேள்வித்தாளை நாம் கொடுத்துவந்தோம். எண்களை மட்டும் சற்று மாற்றுவோம். நம் வகுப்பில் தேறாதவர் இல்லை என்று பெயர் வந்தது. நமக்கும் உள்ளூரப் பெருமைதான். ஓராண்டு வேறோர் ஆசிரியர் கேள்வித்தாள் தயாரித்தார். அதே கணக்குகளைத்தான் வேறு விதமாகக் கேட்டிருந்தார். பாதி வகுப்பு தத்தளித்துவிட்டது. நம் பையன்கள் கணக்கைக் கற்றிருக்கவில்லை, நம்மைக் கற்றிருந்தார்கள். அந்தப் பையன்களில் சிலரை இப்போதும் கடைத்தெருவில் சந்திக்கிறோம். அவர்கள் மரியாதையாக வணக்கம் சொல்லும்போதெல்லாம் நமக்கு ஒரு கூச்சம் உண்டாகிறது.

யந்திரமும் இப்படியே ஏமாற்றிற்று. அதற்கு ஒருவர் பரிகாரமும் கண்டுபிடித்தார். அவர் டானியல் ஹில்லிஸ் என்னும் அமெரிக்கர். 16 எண்கள் எந்த ஒழுங்கில் வந்தாலும் அவற்றைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு இடங்களை ஒப்பிட்டு, தேவையானால் அவற்றில் உள்ள எண்களை மாற்றி வைக்கலாம். எந்தெந்த இடங்களை ஒப்பிடுவது என்பதை முன்கூட்டியே நிச்சயித்துவிட வேண்டும். மிகக் குறைந்த ஒப்பீடுகள் எத்தனை? இது கணித நிபுணர்கள் நெடுநாளாக மோதிப் பார்த்த கேள்வி. 1962-இல் 65 ஒப்பீடுகளில் முடியும் என்று கண்டார்கள். 1969-இல் அது 60 ஆகக் குறைந்தது.

ஹில்லிஸ் 65,536 சிறு கணக்குப் பொறிகள் ஒருங்கே வேலை செய்யும் யந்திரம் ஒன்றில் பரிணாம முறையால் இதைத் தேடினார். யந்திரம் 65 வரையில் வந்து நின்றுவிட்டது. காரணத்தை ஆராய்ந்தபோது, நம் வகுப்பில் நடந்ததே அங்கும் நடந்திருந்தது. பரீட்சைக்குக் கொடுத்த எண் வரிசைகளில் பெரும்பாலானவை அந்தத் தலைமுறைக்கு மிகச் சுலபமாகிவிட்டன. கஷ்டப்பட்டு முன்னேற வேண்டிய அவசியம் இல்லை.

அப்போது ஹில்லிஸ் ஒரு காரியம் செய்தார். கேள்வித்தாள்களுக்கும் உயிர் கொடுத்தார். அவையும் ஒரு ஜாதியாகப் பிறந்து, கலந்து, மாறி வளரட்டும் என்று விட்டார். வரிசைப்படுத்துகிறவன் சரியாகச் செய்தால் அவனுக்கு மார்க். தவறினால் அவனைத் தவற வைத்த கேள்விக்கு மார்க். மரத்தை அரித்துத் தின்னும் புழுவைப் போல, கேள்விகள் விடைகளின் பலவீனத்தைத் தின்றே பிழைக்கத் தொடங்கின. ஒரு பலவீனம் திருந்தியவுடன் புழு வேறொரு பலவீனத்தைத் தேடிற்று. இந்த ஓயாத போராட்டத்தில் யந்திரம் 61 வரையில் இறங்கி வந்தது. மனிதர் கண்ட 60-ஐ அது எட்டவில்லை என்பதும் உண்மையே. ஆனால் தனியாக இருந்து எட்ட முடியாததைச் சத்துருவின் சகவாசத்தால் எட்டிற்று. இதை 1990-இல் அவர் வெளியிட்டார்.

சத்துருவை வெளியே தேடாமல், தன்னையே இரண்டாக்கிக்கொண்டு போராடினால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள். ஐ.பி.எம். கம்பெனியில் இருந்த ஆர்தர் ஸாமுவேல் 1959-இல் வெளியிட்ட ஆராய்ச்சி மிகப் பிரஸித்தம். நம் ஆடுபுலி ஆட்டத்தில் புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டுவது போல, எதிரியின் காய்களைத் தாண்டி வெட்டும் செக்கர்ஸ் என்றோர் ஆட்டம் மேல்நாடுகளில் உண்டு. ஸாமுவேல் தம் யந்திரத்தில் இரண்டு ஆட்டக்காரர்களை வைத்தார். ஒருவன் ஆடும்போதே தன் போக்கைத் திருத்திக்கொள்வான். மற்றவன் மாறாமல் ஆடுவான். முதல்வன் ஜெயித்தால் அவனுடைய அறிவு இரண்டாமவனுக்கும் கொடுக்கப்படும். மறுபடி ஆட்டம் தொடங்கும். இப்படி 8, 10 மணி நேரம் ஆடியதிலேயே, யந்திரத்துக்கு விதிகளை எழுதிக் கொடுத்தவரைக் காட்டிலும் யந்திரம் நன்றாக ஆடக் கற்றுக்கொண்டது. சிஷ்யனிடம் தோற்பது குருவுக்குப் பெருமை என்று நம் பெரியோர் சொல்வார்கள். ஸாமுவேல் அந்தப் பெருமையை அடைந்தார்.

இதன் சிகரத்தை உலகம் 2016 மார்ச்சில் ஸீயோல் நகரத்தில் கண்டது. கோ என்பது 361 சந்திகள் உள்ள பலகையில் கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து இடம் பிடிக்கும் பழைய சீன ஆட்டம். அதில் கொரியாவின் மகா நிபுணரான லீ ஸெடாலை ஆல்ஃபாகோ என்னும் யந்திரம் ஐந்தில் நான்கு ஆட்டங்களில் வென்றது. அந்த யந்திரம் முதலில் மனிதர் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துக் கற்றது. பிறகு தன்னோடு தானே ஆடித் தேர்ந்தது. 2017-இல் அதைச் செய்தவர்களே மற்றொன்றைச் செய்தார்கள். அதற்கு மனிதர் ஆடிய ஓர் ஆட்டமும் காட்டப்படவில்லை. விதிகளை மட்டும் அறிந்துகொண்டு, மூன்று நாட்களில் 49 லட்சம் ஆட்டங்களைத் தன்னோடு தானே ஆடிற்று. பிறகு லீயை வென்ற யந்திரத்தோடு 100 ஆட்டங்கள் ஆடி நூறிலும் வென்றது.

இதைக் கேட்டதும் சிலர், "அப்படியானால் மனிதனுடைய சகவாசம் யந்திரத்துக்குத் தேவையில்லை என்று ஆயிற்று அல்லவா?" என்பார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும்; கதை இன்னும் முடியவில்லை.

தன்னோடு தானே ஆடித் தேர்ந்த கோ யந்திரங்களில் காடாகோ என்பது ஒன்று. அதுவும் மனிதரில் எவரையும் மிஞ்சிய பலம் உடையது. 2022-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் வேறொரு சிறிய நிரலை அதன்மேல் ஏவிவிட்டார்கள். நன்றாக ஆடுவது இந்த நிரலின் நோக்கமன்று; காடாகோவின் பலவீனத்தைக் கண்டுபிடிப்பது ஒன்றே நோக்கம். ஹில்லிஸின் புழுவுக்கு இது தம்பி என்று சொல்லலாம். சாதாரண மனித ஆட்டக்காரர்களிடம்கூடத் தோற்றுப்போகும் இந்தச் சிறு நிரல் மகாபலசாலியான காடாகோவைத் தோற்கடித்தது!

ரகசியம் இதுதான்: எதிரியின் காய்க் கூட்டத்தைச் சுற்றி மெதுவாக ஒரு பெரிய வளையம் போட்டுக்கொண்டு வரவேண்டும். நடுநடுவே பலகையின் வேறு மூலைகளில் ஆடிக் கவனத்தைத் திருப்ப வேண்டும். வளையம் மூடப்போகும் தறுவாயிலும் யந்திரத்துக்கு ஆபத்துத் தெரிவதில்லை. இந்த உபாயத்தைக் கற்றுக்கொண்ட ஓர் அமெரிக்க ஆட்டக்காரர், தொழில் முறை நிபுணர் அல்லாதவர், 2023-இல் காடாகோவோடு 15 ஆட்டங்கள் ஆடி 14-இல் வென்றார். ஆடும்போது எந்தக் கம்ப்யூட்டரும் அவருக்குத் துணை செய்யவில்லை.

லட்சக்கணக்கான ஆட்டங்கள் ஆடிய யந்திரத்துக்கு இது ஏன் தெரியவில்லை? தன்னோடு தானே ஆடியவனுக்குத் தன்னைப் போல் ஆடுகிறவனை மட்டுமே தெரியும். அப்படி அசட்டுத்தனமாக வளையம் போடுவதை அந்த யந்திரம் ஒருநாளும் நினைத்திராது; ஆகையால் அதிலிருந்து தப்பும் வழியையும் கற்றிராது. கிணற்றுத் தவளை எத்தனை லட்சம் தடவை நீந்தினாலும் அது கிணற்றில் நீந்தினதுதான். தன்னைப் போன்ற சகவாசம் பலத்தைத் தரும். தன்னைப் போலல்லாத சகவாசமே குருட்டுத்தனத்தை நீக்கும்.

இதுவரை யந்திரத்தோடு யந்திரம் பழகிய கதை. யந்திரத்தோடு மனிதன் பழகிய கதை இனி.

பிராணி சாஸ்திர நிபுணர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1986-இல் வெளிவந்த தமது "குருட்டுக் கடிகாரக்காரன்" என்னும் நூலுக்காக ஒரு சிறு வேடிக்கை செய்தார். யந்திரம் கிளைவிட்ட மரம் போன்ற ஒரு கோட்டுச் சித்திரத்தையும், அதிலிருந்து சிறிது சிறிது மாறுபட்ட பல குட்டிச் சித்திரங்களையும் திரையில் காட்டும். அவர் பிடித்த ஒன்றைத் தொடுவார். அது அடுத்த தலைமுறைக்குத் தாயாகும். இங்கே பரீட்சை வைப்பது கணக்கன்று, மனிதனுடைய கண். சில தலைமுறைகளில் மரங்கள் மறைந்து, அவர் கனவிலும் எதிர்பாராத பூச்சி வடிவங்கள் திரையில் தோன்றின. யந்திரத்துக்கு ரசனை கிடையாது. அவருக்கு வரையும் எண்ணம் கிடையாது. இருவரும் பழகிய பழக்கத்தில் பூச்சி பிறந்தது.

மனிதனுடைய கண்ணையே பரீட்சையாக வைக்கும் இந்த வித்தை 2017-இல் பெரிய வேலைக்கு வந்தது. கம்ப்யூட்டருக்குள் உலவும் ஒரு பொம்மை பின்புறமாகக் குட்டிக்கரணம் போட வேண்டும். குட்டிக்கரணத்துக்குச் சூத்திரம் எழுதுவது பெரும்பாடு. ஆகையால் பொம்மை செய்த இரண்டு அசைவுகளை ஒரு மனிதருக்குக் காட்டி, எது குட்டிக்கரணத்துக்குக் கிட்ட இருக்கிறது என்று மட்டும் கேட்டார்கள். சுமார் 900 தடவை அவர் இது, அது என்று சுட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் அவருடைய வேலை முடிந்தது; பொம்மை அழகாகக் குட்டிக்கரணம் போட்டது.

அதே ஆராய்ச்சியாளர்கள் மறைக்காமல் மற்றொன்றையும் சொன்னார்கள். ஒரு யந்திரக் கைக்கு, எதிரே உள்ள பொருளைப் பிடிக்கக் கற்பித்தார்கள். காமிராவின் வழியாகப் பார்த்து ஒரு மனிதர் தீர்ப்புச் சொல்லவேண்டும். கை என்ன செய்தது தெரியுமா? பொருளைப் பிடிக்கவில்லை. பொருளுக்கும் காமிராவுக்கும் நடுவே போய் நின்றுகொண்டது. பார்க்கிறவருடைய கண்ணுக்குப் பிடித்தது போலவே இருந்தது. அவரும் சபாஷ் சொல்லிவிட்டார்.

இதைப் படித்தபோது நாம் வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. "புரிந்ததா?" என்று நாம் கேட்கும்போது, "புரிந்தது ஸார்!" என்று ஒரே குரலில் வகுப்பு சொல்கிறதே, அது என்ன? பொருளுக்கும் நம் கண்ணுக்கும் நடுவே நீட்டிய கைதான். அந்தக் கையில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. எதற்கு வெகுமதி கிடைத்ததோ அதை அது கற்றது. பொருளைப் பிடித்ததற்கு வெகுமதி கொடுப்பதாக நாம் நினைத்தோம். நம்மைத் திருப்தி செய்ததற்குக் கொடுத்துவிட்டோம்.

இப்போது வீடுகளில் புகுந்துள்ள பேசும் யந்திரங்களின் விஷயமும் இதுவே. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் இவற்றை அறியாத குடும்பம் குறைவு. இவை முதலில் எண்ணிறந்த பக்கங்களைப் படித்து மொழியைக் கற்கின்றன. பிறகு ஒரே கேள்விக்கு இரண்டு விடைகளைக் காட்டி, எது மேல் என்று மனிதர்களைக் கேட்டுக் கேட்டு இவற்றின் நடத்தையைத் திருத்துகிறார்கள். குட்டிக்கரணம் போட்ட பொம்மைக்குச் செய்த சிக்ஷைதான். அதனால் இவற்றுக்குப் பணிவும், தெளிவும், மனிதனுக்கு உதவும் குணமும் வந்தன. யந்திரக் கைக்கு வந்த தோஷமும் கூடவே வந்தது. 2025 ஏப்ரலில் அதே சாட்ஜிபிடியில் செய்த ஒரு மாறுதலுக்குப் பின் அது யார் எதைச் சொன்னாலும் ஆஹா, ஆஹா என்று முகஸ்துதி செய்யத் தொடங்கிற்று. சில நாட்களிலேயே அதை உண்டாக்கிய கம்பெனி அந்த மாறுதலைத் திருப்பி எடுத்துக்கொண்டது. ஜனங்கள் அப்போதைக்கப்போது கொடுத்த பாராட்டுக்கு அதிக மதிப்பு வைத்துவிட்டதே பிழை என்று ஒப்புக்கொண்டது. பழைய அரண்மனைகளில் வாழ்ந்த விதூஷகர்களுக்கும் ராஜாவின் முகத்தைப் பார்த்தே வித்தை வளர்ந்தது. ராஜா நல்லவராக இருந்தால் வித்தையும் நல்லதாக இருந்தது.

சமீபத்தில் ஒரு மாணவன் தன் வியாசத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். பாஷை தடங்கலின்றி ஓடியிருந்தது. விஷயம் முழுவதும் தப்பு. சுட்டிக்காட்டியதும் அவன் முகம் வாடிற்று. "அது ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிற்றே, ஸார்!" என்றான். அவனை நாம் கோபித்துக்கொள்ளவில்லை. அவன் வயதில் நம்மிடம் அப்படிச் சொல்ல ஒரு யந்திரம் இருந்திருந்தால் நாமும் நம்பியிருப்போம். ஆனால் இரவு படுத்தபின் ஒன்று மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பையனுக்குத் தோழர்கள் அதிகம் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் வேலை. அவன் தன் வியாசத்தைப் படித்துக் காட்டுவதற்குக் கிடைத்த ஒரே ஜீவன், ஜீவன் இல்லாத அது. தன்னோடு தானே ஆடிய காடாகோவைப் போல, தன்னை ஆமோதிக்கும் குரலோடு மட்டும் பழகி வளரும் குழந்தைக்குப் பின்னால் யாரேனும் மெதுவாக ஒரு வளையம் போட்டுக்கொண்டு வந்தால் அதற்குத் தெரியுமா?

யந்திரத்தை வீட்டை விட்டுத் துரத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ரயிலையும் தந்தியையும் துரத்த முடியாதது போல இதையும் துரத்த முடியாது, துரத்தவும் வேண்டியதில்லை. அடுத்த நாள் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "இனிமேல் அதனிடம் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதே. இதில் என்ன தப்பு, எதிர்க்கட்சிக்காரன் என்ன சொல்வான் என்று கேள். அது சொல்வதையும் அப்படியே நம்பாதே, பக்கத்து பெஞ்சுக்காரனிடம் காட்டி அவனை மறுத்துப் பேசச் சொல்" என்றோம். பக்கத்து பெஞ்சுக்காரன் மறுத்துப் பேசுவதில் மகா சூரன். அரைமணி நேரத்தில் இருவருக்கும் பெருஞ்சண்டை வந்துவிட்டது. வியாசம் மூன்றாம் தடவை எழுதப்பட்டது. பாஷை முன்போல் ஓடவில்லை. ஆனால் விஷயம் சரியாக இருந்தது. முழு மார்க் கொடுக்கவில்லை என்றாலும், பக்கத்தின் ஓரத்தில் ஒரு நல்ல வார்த்தை எழுதினோம்.

இன்னொரு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். பேசும் யந்திரங்கள் இதுவரை படித்ததில் பெரும் பங்கு ஆங்கில எழுத்து. அதற்குமுன் தமிழ் எழுத்து சொற்பம். நம் வீட்டுப் பேச்சும், நம் ஊர் வழக்கமும், நம்முடைய நல்லது கெட்டதும் அவற்றுக்கு இன்னும் நன்கு பழகவில்லை. எவர் எழுதியதைப் படிக்கின்றனவோ, எவர் இது சரி, இது தப்பு என்று சுட்டிக்காட்டுகிறார்களோ, அவர்களுடைய சாயலே இவற்றில் படியும். இதுவரை நாம் பார்த்த கதைகளெல்லாம் அதைத்தான் சொல்கின்றன. தமிழ் அறிந்தவர்கள் ஒதுங்கி நின்று, அன்னியர் வளர்த்துக் கொடுத்த யந்திரத்துக்குத் தமிழ் தெரியவில்லையே என்று குறை கூறுவதில் பிரயோஜனம் இல்லை. நல்ல தமிழை நிறைய எழுத வேண்டும்; தப்பான தமிழைத் தப்பு என்று தைரியமாகச் சொல்ல வேண்டும்; முகஸ்துதியைக் கேட்டு மயங்காமல் இருக்க வேண்டும்.

யந்திரத்துக்கு வாத்தியார் யார் என்று கேட்ட மாணவனுக்கு அடுத்த வகுப்பில் இந்த விடையைச் சொன்னோம்: "அதனோடு பழகுகிற எல்லாரும்தான், அப்பா. நீயும் ஒரு வாத்தியார்." இந்தத் தடவை வகுப்பு சிரிக்கவில்லை. அந்தப் பையன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.